கேப்டன் கதைகள்: அந்த டிராப் கோலுக்கு முன்னால் என்ன நடந்தது?

1997-ம் ஆண்டு. உலக சாம்பியனான தென்னாப்பிரிக்காவை அதன் சொந்த மண்ணில் சந்திக்க, பிரிட்டிஷ் அண்டு ஐரிஷ் லயன்ஸ் ரக்பி அணி தயாரானது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து என நான்கு நாட்டு வீரர்களும் சேர்ந்து ஆடும் அணி அது. கேப்டன் யார்? பயிற்சியாளர் இயன் மெக்கீகன் தேர்ந்தெடுத்தது, இங்கிலாந்துக்கே நிரந்தர கேப்டனாக இல்லாத 27 வயது மார்ட்டின் ஜான்சனை.

அதற்குச் சொல்லப்படும் காரணம் செம சுவாரஸ்யம். எதிரணியின் டிரெஸ்ஸிங் ரூம் கதவைத் தட்டும்போது, திறந்து பார்ப்பவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டுமாம்! ஜான்சனின் உயரம் 2 மீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். முதல் இரண்டு டெஸ்ட்களையும் வென்ற லயன்ஸ், 2-1 எனத் தொடரைக் கைப்பற்றியது.

ஆனால், உயரத்தை மட்டும் வைத்து யாரும் கேப்டனாகிவிட முடியாது. ஜான்சனை உருவாக்கியது ஒரு கிளப். பெயர், லெஸ்டர் டைகர்ஸ்.

வங்கி ஊழியர்... ரக்பி வீரர்!

1970-ல் பிறந்த ஜான்சன் வளர்ந்தது, லெஸ்டர் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் மார்க்கெட் ஹார்பரோ என்ற சிறிய ஊரில். 1989-ல் டைகர்ஸ் அணிக்காக முதல் போட்டி. பிறகு நியூசிலாந்துக்குப் போய் கிங் கன்ட்ரி அணிக்காக விளையாடினார். அந்த நாட்டின் 21 வயதுக்கு உட்பட்டோர் அணியிலேயே இடம் கிடைத்தது. அங்கேயே தங்கியிருந்தால், ஆல் பிளாக்ஸ் ஜெர்சியில்கூட அவரைப் பார்த்திருக்கலாம். அவரோ லெஸ்டருக்கே திரும்பினார்.

அப்போது ரக்பியில் சம்பளம் கிடையாது. ஜான்சனும் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் ஆடினார். 1993 ஜனவரியில் வேட் டூலி காயமடைய, கடைசி நேரத்தில் இங்கிலாந்து அணியிலிருந்து அழைப்பு வந்தது. பிரான்ஸுக்கு எதிராகக் களமிறங்கினார். ரக்பி தொழில்முறை விளையாட்டாக மாறியது அதற்குப் பிறகு, 1995-ல்தான்.

கேமரா தேடாத இடம்

ஜான்சன் ஆடிய இடத்துக்கு 'லாக்' என்று பெயர். இரு அணிகளிலும் தலா எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுவார்களே, அந்த 'ஸ்கிரம்'மின் இரண்டாவது வரிசை. முன் வரிசைக்குப் பின்னால் தலையைக் கொடுத்துத் தள்ளுவதுதான் வேலை. புள்ளி எடுக்கும் வாய்ப்பு குறைவு. இங்கிலாந்துக்காக 84 போட்டிகளில் ஆடிய ஜான்சன் அடித்த 'டிரை'கள் வெறும் இரண்டு!

லெஸ்டரில் இந்த உழைப்புக்குத்தான் மரியாதை அதிகம். ஜெர்சியில் எண்களுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளைப் போட்டு ஆடிய கிளப் அது. ஸ்கிரம்மின் முன் வரிசையில் நின்ற ரௌன்ட்ரீ, காக்கரில், கார்ஃபோர்த் மூவருக்கும் 'ஏபிசி கிளப்' என்றே செல்லப்பெயர்.

1997 ஜனவரியில் ஐரோப்பாவின் ஹைனெகன் கோப்பை இறுதிப்போட்டியில், பிரான்ஸின் பிரீவ் அணியிடம் 28-9 எனத் தோற்றது லெஸ்டர். அதே ஆண்டு டீன் ரிச்சர்ட்ஸிடமிருந்து கேப்டன் பொறுப்பு ஜான்சனுக்கு வந்தது. அதன்பிறகு நடந்தது வரலாறு. 1999, 2000, 2001, 2002 என தொடர்ந்து நான்கு முறை இங்கிலாந்து லீக் சாம்பியன்!

2001-ல் பாரிஸில் நடந்த ஹைனெகன் கோப்பை இறுதிப்போட்டியில், ஸ்டாட் ஃபிரான்சே அணியின் 30 புள்ளிகளையும் டியேகோ டொமிங்கேஸ் ஒருவரே எடுத்தார். லெஸ்டர் எடுத்ததோ 34. அடுத்த ஆண்டு மன்ஸ்டரை 15-9 என வென்று கோப்பையைத் தக்கவைத்தது. இரண்டு முறை தொடர்ந்து வென்ற முதல் கிளப் டைகர்ஸ்தான்.

இந்தக் கதையில் கறுப்புப் புள்ளிகளும் உண்டு. 2002 இறுதிப்போட்டியின் கடைசி நிமிடங்களில், மன்ஸ்டர் வீரர் ஸ்கிரம்முக்குள் போடவிருந்த பந்தை லெஸ்டரின் நீல் பேக் கையால் தட்டிவிட்டார். நடுவர் கண்ணில் அது படவில்லை. மன்ஸ்டர் ரசிகர்கள் இன்றும் அதை மறக்கவில்லை. அதே ஆண்டு, எதிரணி வீரரைக் குத்தியதற்காக ஜான்சனும் தடை வாங்கினார்.

சிட்னியில் லெஸ்டர் கூட்டணி

2003 நவம்பர் 22, உலகக்கோப்பை இறுதிப்போட்டி. இங்கிலாந்துக்கு எதிரே ஆஸ்திரேலியா. 80 நிமிடங்கள் முடிந்தபோது 14-14. கூடுதல் நேரமும் முடியப்போகிறது. ஸ்கோர் 17-17.

கோட்டுக்கு வெளியே போன பந்தை ஸ்டீவ் தாம்ப்சன் உள்ளே வீசுகிறார். வரிசையின் கடைசியில் எகிறிப் பிடிக்கிறார் லூயிஸ் மூடி. அவர் லெஸ்டர்காரர். பந்தை எடுத்துக்கொண்டு முன்னேறிய மேட் டாசன், எதிரணியின் பிடியில் கீழே விழுகிறார். இங்கேதான் சிக்கல். வில்கின்சனுக்குத் துல்லியமாகப் பந்தைப் போட வேண்டியவரே அந்த டாசன்தான்!

அவருடைய இடத்துக்கு வந்த நீல் பேக், பந்தை ஜான்சனிடம் கொடுக்கிறார். இருவரும் லெஸ்டர். ஜான்சன் பந்தோடு நேராக எதிரணிக் கூட்டத்துக்குள் மோதுகிறார். சில அடிகள்தான் முன்னேற்றம். ஆனால், டாசன் எழுந்து தன் இடத்துக்கு வர அந்த நொடிகள் போதும். பந்து வில்கின்சன் கைக்குப் போகிறது. அவர் வழக்கமாகப் பயன்படுத்தாத வலது காலால் உதைக்கிறார். 20-17. உலகக்கோப்பை இங்கிலாந்துக்கு!

உலகம் வில்கின்சனைக் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால், பதற்றமான அந்த நேரத்தில் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல், லெஸ்டரில் வாராவாரம் செய்ததையே மூடியும் பேக்கும் ஜான்சனும் செய்தார்கள். கேப்டன் தனக்கென எடுத்துக்கொண்டது, யாரும் கைதட்டாத அந்த ஒரு மோதலைத்தான்.

களத்துக்கு வெளியே...

2004-ல் சர்வதேசப் போட்டிகளிலிருந்தும், 2005-ல் லெஸ்டரிலிருந்தும் ஓய்வு பெற்றார் ஜான்சன். பயிற்சியாளர் அனுபவமே இல்லாத நிலையில், 2008-ல் இங்கிலாந்து அணியின் மேனேஜரானார். 2011-ல் சிக்ஸ் நேஷன்ஸ் பட்டம் கிடைத்தது. ஆனால், அதே ஆண்டு உலகக்கோப்பையில் காலிறுதியோடு வெளியேற்றம். களத்துக்கு வெளியே வீரர்கள் நடந்துகொண்ட விதமும் பெரும் சர்ச்சையாக, நவம்பரில் பதவி விலகினார்.

அதே மனிதர்தான். அதே உழைப்புதான். ஆனால், அவர் தலைமை தாங்கியது பேச்சால் அல்ல, பக்கத்தில் நின்று. கேலரியில் உட்கார்ந்துகொண்டு ஸ்கிரம்முக்குள் தோள் கொடுக்க முடியாதே!

அந்த டிராப் கோல் வீடியோ இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது, வில்கின்சன் உதைக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளிப் பாருங்கள். பந்தோடு குனிந்து மோதும் ஓர் உயரமான வெள்ளை ஜெர்சி தெரியும்.