முதலில் திருச்சபை சாட்சி சொல்லட்டும்: 1950 ஆணையின் மூன்றாம் பத்தி குறித்து எங்கள் நிலைப்பாடு

2025 ஏப்ரல் 30 அன்று ஆந்திர உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டச் சபைகளில் பெரும் கலக்கத்தை உண்டாக்கியிருக்கிறது. சாதி சொல்லித் திட்டி அடித்தார்கள் என்று புகார் கொடுத்த ஒரு போதகருக்கு, அவர் கிறிஸ்தவர் என்ற காரணத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்று வழக்கையே ரத்து செய்துவிட்டார்கள். அடித்தவன் சாதி பார்த்துத்தான் அடித்தான், சட்டம் மதம் பார்க்கிறது. பிள்ளைகளின் சான்றிதழ் என்னாகும், வேலை என்னாகும் என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். பல அமர்வுகளில் பேசி, சில இடங்களில் கருத்து வேறுபாட்டோடு, எங்கள் மன்றத்தின் செயற்குழு எடுத்த நிலைப்பாடு இது.

இந்தத் தீர்ப்பின் வேர், பட்டியல் சாதிகள் யார் என்று வகுத்த 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியினராகக் கருதக்கூடாது என்றது அது. அதன் வரலாற்றை இங்கே முழுதாகத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு நமக்கு மட்டும் மூடியே இருக்கிறது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதி திராவிடருக்கும் பட்டியல் சாதித் தகுதி கேட்டுத் தீர்மானம் போட்டது. மதம் மாறியவர்களுக்கு அந்தத் தகுதி தரலாமா என்று ஆராய 2022 அக்டோபரில் அமைந்த கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு என்றார்கள், பிறகு நீட்டித்தார்கள். மூன்றாம் பத்தி முழுவதுமாக நீக்கப்பட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. அதில் செயற்குழுவில் இரு கருத்து இல்லை.

ஆனால் இந்த அறிக்கை முதன்மையாக டெல்லிக்கு எழுதப்படவில்லை. நம் பேராயர்களுக்கும் சபைத் தலைவர்களுக்கும் எழுதப்படுகிறது.

சூசையின் வழக்கை மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள். சென்னை ரத்தன் பஜார் பக்கம் சாலையோரத்தில் உட்கார்ந்து செருப்பு தைத்தவர் அவர். ஆதி திராவிடர், கிறிஸ்தவர். 1982இல் அரசு சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாக பங்க் கடை ஒதுக்கியபோது, அதே தொழில் செய்த இந்து ஆதி திராவிடருக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 செப்டம்பரில் அவர் மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் சாதி ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது, கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அதற்கான ஆதாரம் இங்கே இல்லை என்றது நீதிமன்றம்.

அந்த ஆதாரம் யாரிடம் இருந்தது? தெருவில் வாரும் ஊசியும் வைத்திருந்தவரிடமா? திருச்சபையின் அலுவலகங்களில் இருந்தது. எந்தக் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் சுவர் நிற்கிறது, எந்த ஊரில் திருவிருந்துக் கிண்ணம் யார் வாய்க்கு முதலில் போகிறது, எந்தச் சபைக்கு எந்தச் சாதிப் போதகரை அனுப்பினால் கதவைப் பூட்டுவார்கள் என்பதெல்லாம் இடமாற்றப் பட்டியல் போடுகிறவர்களுக்கு அத்துப்படி. அவர்கள் வாய் திறக்கவில்லை. கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்று பிரசங்கம் செய்தார்கள். சாதி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் திருச்சபைக்கு அவமானம். அந்த அவமானத்தைத் தவிர்க்கக் கொடுத்த விலை நம் பிள்ளைகளின் படிப்பும் வேலையும்.

கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில் தீண்டாமை உள்ளுக்குள் இருப்பதை ஒப்புக்கொண்டது. எறையூரில் 2008இல் தலித் கத்தோலிக்கரைச் சாதிக் கத்தோலிக்கரே தாக்கியதற்குப் பிறகு மறுக்கவும் முடியாது. சீர்திருத்த சபைகளான நம்முடைய பேராயங்களும் சினாடுகளும் அந்த அளவுக்காவது எழுத்தில் சொல்ல வேண்டும் என்று வருத்தத்துடன் கேட்டுக்கொள்கிறோம். வருத்தம் என்பது குழு ஏற்றுக்கொண்ட சொல். எங்களில் பலருக்கு இருப்பது கோபம்.

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் ஷாப்பில் பச்சைத் தோலைத் தூக்கும் இருவரைப் பாருங்கள். ஒரே தெரு, ஒரே உப்பு, ஒரே சுண்ணாம்பு நாற்றம், விரல் இடுக்கில் ஒரே வெடிப்பு. வாடகைக்கு வீடு கேட்டால் இருவருக்கும் ஒரே பதில். ஒருவர் கையில் எஸ்.சி. சான்றிதழ், மற்றவர் கையில் பி.சி. சான்றிதழ். அந்த பி.சி. பட்டியலில் அவர் மகன் போட்டியிட வேண்டியது, அவருக்கு வீடு தர மறுத்தவரின் மகனோடு.

ஆலயத்தில் கிறிஸ்தவப் பெயர், சான்றிதழில் இந்துப் பெயர் என்று இரட்டைப் பெயரோடு வாழும் குடும்பங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 26 அன்று, எஸ்.சி. சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவருடைய ஞானஸ்நானப் பதிவே அவருக்கு எதிரான சான்றானது. இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். அதற்குப் பிறகு பிரசங்க பீடத்திலிருந்தே இவர்களை அனனியா, சப்பீராள் என்று சொல்லும் போதகர்கள் இருக்கிறார்கள். இதை வன்மையாகக் கண்டிக்கிறோம். அனனியா தன் நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்தவன். இவர்களுக்கு விற்க நிலமே இருந்ததில்லை. பவுல் சவுக்கடிக்கு முன் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார், இராயனிடம் மேல்முறையீடு செய்தார். விசுவாசி ஆனதால் உரிமையை விட்டுவிட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. பொய்ச் சான்றிதழை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பொய் சொல்லும் நிலைக்குத் தள்ளிய சட்டத்தை விட்டுவிட்டு, தள்ளப்பட்டவரைப் பீடத்திலிருந்து அடிப்பதை ஏற்கமாட்டோம்.

பேதுரு யோப்பாவில் தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில். செத்த விலங்கைத் தொடுவதால் யூதர் தீட்டென்று ஒதுக்கிய தொழில் அது. யாரையும் தீட்டென்று சொல்லாதே என்ற தரிசனம் அவருக்கு அந்த வீட்டு மாடியில்தான் கிடைத்தது. இதே தொழிலில் வாழும் நம் தெருக்களுக்குப் பேராயர்கள் வருகிறார்கள், திடப்படுத்தல் ஆராதனை நடத்துகிறார்கள், சாப்பாட்டுக்கு வேறு இடம் போகிறார்கள்.

தேர்தல் குறித்து: கீழ்வைத்தினான்குப்பம், குடியாத்தம், அரக்கோணம் ஆகிய தனித் தொகுதிகளில் நம் வாக்கு வேண்டும், நம்மில் ஒருவர் வேட்பாளராக நிற்க முடியாது. 2026இல் வாக்கு கேட்டு வருகிறவர்களுக்கு ஆலயத்துக்குள் மாலை மரியாதை செய்வதைத் தலைவர்கள் தவிர்ப்பது நல்லது என்பது பெரும்பான்மைக் கருத்து. கட்சி சார்ந்து உறுப்பினர்கள் செயல்படுவதில் மன்றம் தலையிடாது.

ஒவ்வொரு பேராயமும் தன் எல்லைக்குள் நடக்கும் சாதிப் பாகுபாட்டை ஊர், ஆலயம், கல்லறை வாரியாக எழுதி, தலைவரின் கையொப்பத்தோடு பாலகிருஷ்ணன் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், அதன் நகலைச் சபைகளில் வாசிக்க வேண்டும் என்று கோருகிறோம். 1950 ஆணை வந்த நாளான ஆகஸ்ட் 10 கறுப்பு தினத்துக்குள் பதில் வராவிட்டால், அன்று கறுப்புக் கொடியோடு நாம் நிற்கப் போவது ஆட்சியர் அலுவலகத்தின் முன்பு மட்டுமாக இருக்காது.

– செயற்குழு