தலைகீழாக வரைந்தவரின் வீடுகள்

1960இல் ஜூலியஸ் ஷுல்மன் எடுத்த ஒரு படம் நவீன வீட்டுக் கட்டடக்கலைக்கே முகமாகிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் மலை விளிம்பில் கண்ணாடி வீடு, உள்ளே விருந்து உடுப்பில் இரண்டு வெள்ளைப் பெண்கள், கீழே நகரம் முழுக்க விளக்கு. அழகுதான், யாரு இல்லேன்னா? ஆனா அந்த வெளிச்சத்துல யாரு எந்தத் தெருவுல குடியிருக்கலாம்னு படம் சொல்லாது.

கறுப்பருக்கு விற்கக் கூடாதென்று அங்கே வீட்டுப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். நீதிமன்றங்கள் அதை அமல்படுத்தக் கூடாதென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல்தான். (வங்கியில் பத்திரம் புரட்டுகிற எனக்கு, எழுதாத நிபந்தனைகளும் தெரியும்.)

அந்த ஊர்க் கட்டடக் கலைஞர் பால் வில்லியம்ஸ் கறுப்பர். தான் வரைந்த வீடுகள் இருந்த தெருக்கள் பலவற்றில் அவர் குடியேற முடியாது. பக்கத்தில் உட்கார்ந்தால் வெள்ளைக்காரர் கூசுவார் என்று, மேசைக்கு எதிர்ப்புறமிருந்தே தலைகீழாக வரையப் பழகினார். இதைத் திறமை என்று மெச்சுகிறார்கள். எனக்குத் தீண்டாமை என்றுதான் வாசிக்க வருகிறது.

அவர் கட்டடங்களை ஜானா அயர்லாந்து என்ற கறுப்பினப் பெண் கறுப்பு வெள்ளையில் எடுத்து, 2020இல் புத்தகமாக்கினார். விருந்து இல்லை, சோபாவில் அழகிகள் இல்லை. படிக்கட்டின் வளைவு, கதவோரம், சுவரில் விழும் நிழல். பிறகு நெவாடாவுக்கும் போனார். லாஸ் வேகாசில் கறுப்பர் குடியிருக்கவென்று 1950களில் வில்லியம்ஸ் வடிவமைத்த பெர்க்லி ஸ்கொயர் அங்கேதான் இருக்கிறது. கண்ணாடி மாளிகை இல்ல தோழர், 148 சின்ன வீடுங்க.