'கரண்ட்' எந்திரத்துக்கு காவல் இருக்கு... பாதியில் நிற்கும் பிள்ளைக்கு யார் காவல்?

காரங்காடு:

தொண்டி அருகே உள்ள காரங்காடு என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு அலையாத்தி காடும், வனத்துறையின் படகு சவாரியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே ஒரு மீனவர் வீட்டு பிள்ளைக்கு புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அந்த குடும்பம் எங்கே போகும், எத்தனை நாள் போகும், பாதியில் நின்றுவிட்டால் யார் தேடி வருவார்கள்? இந்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கதிர்வீச்சு சிகிச்சை என்று பேப்பரில் எழுதுவார்கள். நம்ம ஊர் பேச்சில் அது 'கரண்ட் வைக்கிறது'. அதனாலேயே பாதி பேர், பிள்ளைக்கு ஷாக் கொடுப்பார்கள் என்று பயந்து நடுங்குகிறார்கள். இதில் ஷாக்கும் இல்லை, சூடும் இல்லை. எக்ஸ்ரே எடுப்பது போல படுக்க வைத்து, அதைவிட பல மடங்கு பலமான கதிரை கட்டி இருக்கிற இடத்தில் மட்டும் பாய்ச்சுவார்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளை அசையாமல் இருக்க முகத்துக்கு அளவு எடுத்து முகமூடி மாதிரி ஒன்று மாட்டுவார்கள். ரொம்ப சின்ன பிள்ளை என்றால் மயக்க மருந்து கொடுத்து தூங்க வைப்பார்கள்.

ஒரு நாள் சமாச்சாரம் என்றால் யாரும் சமாளித்து விடுவார்கள். ஆனால் மூளைக்கட்டி போன்ற நோய்க்கு திங்கள் முதல் வெள்ளி வரை வாரம் 5 நாள், ஆறு வாரம், மொத்தம் 30 தடவை வரை போக வேண்டி வரும். நடுவில் நிறுத்தினால் செத்துக்கொண்டு இருந்த கட்டி மறுபடி தலை தூக்கும். அங்கேதான் இருக்கு ஆபத்து.

டெல்லிக்கு போய் வருகிற தூரம்!

ஒரு பேச்சுக்கு கணக்கு போட்டு பார்ப்போம். காரங்காட்டில் இருந்து மதுரை 100 கிலோ மீட்டருக்கு மேல். போக வர 200. முப்பது தடவை என்றால் 6 ஆயிரம் கிலோ மீட்டர். ஏறத்தாழ டெல்லிக்கு போய்விட்டு திரும்புகிற தூரம். அதுவும் வாந்தியும் சோர்வுமாக இருக்கிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, பஸ்சில்!

முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு திட்ட அட்டை இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை செலவை அரசு ஏற்கிறது. கரண்ட் வைப்பதும் அதில் சேர்த்தி. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் பஸ் டிக்கெட்டுக்கு? மதுரையில் தங்குகிற ரூமுக்கு? ஆறு வாரம் கடலுக்கு போகாத அப்பனின் கூலிக்கு? விசைப்படகில் கூலிக்கு போகிறவர் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு. அந்த நேரத்தில் நோய் வந்தால் கையில் காலணா இருக்காது. வீட்டில் இருக்கும் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது? 'அடுத்த வாரம் போவோம்' என்று ஒரு வாரம் தள்ளும். அப்புறம் இன்னொரு வாரம். அப்புறம் போகவே மாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய் பெரும்பாலும் குணமாகிற நோய். பணக்கார நாடுகளில் 100 பிள்ளைகளுக்கு நோய் வந்தால் 80 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏழை நாடுகளில் 30 பேர் கூட தேறுவதில்லை. நோயை தாமதமாக கண்டுபிடிப்பதும், சிகிச்சையை பாதியில் விடுவதும் இதற்கு முக்கிய காரணங்கள். 2030-க்குள் உலகம் முழுவதும் 60 சதவீத பிள்ளைகளையாவது காப்பாற்ற வேண்டும் என்று அந்த நிறுவனம் 2018-ல் இலக்கு வைத்தது. இலக்கு ஜெனீவாவில் வைத்தால் போதுமா? காரங்காட்டு பஸ் ஸ்டாப்புக்கு அது வர வேண்டாமா?

எந்திரத்துக்கு யார் காவல்?

முதலில் எந்திரத்தை பார்ப்போம். கரண்ட் வைக்கிற எந்திரத்தை எந்த ஆஸ்பத்திரியும் நினைத்த மாத்திரத்தில் வாங்கி வைத்து ஓட்ட முடியாது. மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் உரிமம் தர வேண்டும். அறையின் சுவர் கனம் முதல் வேலை பார்க்கும் ஆள் வரை அதற்கு கணக்கு உண்டு. கதிர் அளவை கணக்கு போட மருத்துவ இயற்பியலாளர் வேண்டும், பாதுகாப்பு அதிகாரி வேண்டும், ஊழியர்கள் மீது விழும் கதிரை அளக்க சட்டையில் பட்டை மாட்ட வேண்டும்.

இந்த வாரியம் 1983-ல் அமைக்கப்பட்டது. ஆனால் அரசு உத்தரவில் பிறந்ததால் அதற்கு தனி சட்ட பலம் கிடையாது என்ற குறை நீண்ட காலம் இருந்தது. 2012-ல் மத்திய தணிக்கை அதிகாரி கொடுத்த அறிக்கை தூக்கிவாரி போட்டது. நாட்டில் ஓடிக்கொண்டு இருந்த 57 ஆயிரத்து 443 மருத்துவ எக்ஸ்ரே கூடங்களில் 52 ஆயிரத்து 173 கூடங்கள் பதிவே செய்யாதவை என்று அதில் சொல்லி இருந்தார்கள். அதாவது 100-க்கு 91! மாநிலத்துக்கு ஒரு கதிர்வீச்சு பாதுகாப்பு இயக்குநரகம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2001-லேயே சொல்லியும், அந்த அறிக்கை வந்த போது கேரளம், மிசோரம் இரண்டில் மட்டும்தான் அது இருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'சாந்தி' சட்டம்தான் வாரியத்துக்கு சட்டப்படியான அந்தஸ்தை கொடுத்தது. 42 ஆண்டு கழித்து!

நீல வெளிச்சத்தில் விளையாடிய சிறுமி

காவல் தூங்கினால் என்ன நடக்கும்? பிரேசில் நாட்டில் கோயானியா என்ற ஊர். அங்கே ஒரு கதிர்வீச்சு கிளினிக் இடம் மாறிய போது பழைய எந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு போய்விட்டார்கள். 1987 செப்டம்பரில் பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள் அதை உடைத்தார்கள். உள்ளே இருந்த சீசியம் தூள் இருட்டில் நீலமாக மின்னியது. அதிசயம் என்று ஆளாளுக்கு வீட்டுக்கு கொண்டு போனார்கள். 6 வயது சிறுமி ஒருத்தி அதை கையில் வைத்து விளையாடி, கழுவாத கையோடு சாப்பிட்டாள். அவளோடு சேர்த்து 4 பேர் செத்தார்கள். 249 பேர் உடம்பில் கதிர் தூள் ஒட்டி இருந்தது.

அது எங்கேயோ பிரேசில் என்று நினைக்க வேண்டாம். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்பு கடையில் இதே கதைதான். டெல்லி பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய எந்திரத்துக்குள் கோபால்ட் இருந்தது. ஒருவர் உயிர் போனது.

எந்திரம் நன்றாக இருந்தாலும் கணக்கு தப்பினால் போச்சு. மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகா நாட்டில் 1996-ல் ஒரு ஆஸ்பத்திரியில் கோபால்ட் மாற்றிய பிறகு நேரக் கணக்கை தப்பாக போட்டதால் 115 பேருக்கு கதிர் கூடுதலாக பாய்ந்தது. அதே போல 2006-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மூளைக்கட்டிக்கு சிகிச்சை பெற்ற 15 வயது பெண்ணுக்கு, கொடுக்க வேண்டியதை விட பாதிக்கு மேல் அதிகமான கதிர் கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரே போட்டு முடித்த கணக்கை பழைய பழக்கத்தில் மறுபடியும் போட்டதுதான் காரணம். அந்த ஆண்டு அக்டோபரில் அவள் இறந்தாள்.

அங்கே அரசு செய்த ஒரு காரியத்தை கவனிக்க வேண்டும். விசாரணை அறிக்கையை மூடி வைக்காமல் அதே மாதம் வெளியிட்டது. அனுபவம் குறைந்தவர் கையில் வேலை போனது, புது கம்ப்யூட்டருக்கு ஏற்ப விதிமுறை புத்தகத்தை திருத்தாதது எல்லாம் ஊருக்கே தெரிந்தது. நம்ம ஊரில் ஆஸ்பத்திரி வாசலில் கேன்டீன் விலைப்பட்டியல் தொங்குகிறது. எந்திரத்தை கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று தமிழில் ஒரு போர்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பெற்றோரை துரத்திய போலீஸ்!

இப்போது பிள்ளை பக்கம் வருவோம். சிகிச்சைக்கு வராத பிள்ளையை காப்பாற்ற அரசு எப்படி வர வேண்டும்? போலீசோடு வரலாமா?

2014 ஆகஸ்டில் இங்கிலாந்தில் இது பெரிய பரபரப்பானது. சவுத்தாம்ப்டன் நகர ஆஸ்பத்திரியில் இருந்த 5 வயது சிறுவனுக்கு மூளைக்கட்டி ஆபரேஷன் முடிந்திருந்தது. அடுத்து சாதாரண கதிர்வீச்சு என்றார்கள் டாக்டர்கள். பக்கத்து நல்ல பாகங்களை குறைவாக தொடும் புரோட்டான் சிகிச்சைதான் வேண்டும் என்றார்கள் பெற்றோர். மூளைக்கட்டிக்கு அந்த எந்திரம் அப்போது அந்த நாட்டில் இல்லை. பெற்றோர் சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையை தூக்கிக்கொண்டு ஸ்பெயினுக்கு போய்விட்டார்கள்.

பிள்ளைக்கு குழாய் வழியாக சாப்பாடு போகும் பம்பின் பேட்டரி தீர்ந்துவிடுமே என்று போலீஸ் பதறியது. அதில் நியாயம் இருக்கு. ஆனால் நடந்தது என்ன? சர்வதேச வாரண்ட், கைது, பெற்றோர் ஸ்பெயின் சிறையில், பிள்ளை தனியாக ஆஸ்பத்திரியில். நாடே கொதித்தது. சில நாளில் வாரண்டை வாபஸ் வாங்கினார்கள். செப்டம்பர் 5-ந்தேதி லண்டன் ஐகோர்ட்டு, செக் நாட்டின் பிராக் நகரில் புரோட்டான் சிகிச்சை பெற அனுமதி கொடுத்தது. செலவை கடைசியில் இங்கிலாந்து அரசே ஏற்றது. 2018-ல் சிறுவனுக்கு புற்றுநோய் அறிகுறி இல்லை என்று குடும்பம் சொன்னது.

டாக்டர் சொன்னது சரியா, பெற்றோர் சொன்னது சரியா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை. நமக்கு வேண்டிய பாடம் வேறு. கடைசியில் செய்ததை முதலிலேயே உட்கார்ந்து பேசி செய்திருந்தால், அந்த பிள்ளை அம்மா அப்பா இல்லாமல் ஒரு ராத்திரி கூட அழுதிருக்காது.

நம்ம சட்டத்தில் என்ன இருக்கு?

புரோட்டான் எந்திரம் சென்னை தரமணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 2019-ல் வந்துவிட்டது. நம்ம கடற்கரை குடும்பத்துக்கு அது எட்டாக்கனி. இங்கே பிள்ளைகள் சிகிச்சையை விடுவது பிடிவாதத்தால் இல்லை, வசதி இல்லாததால்.

2015-ம் ஆண்டு இளைஞர் நீதி சட்டத்தில், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை யார் என்ற பட்டியலில் 'குணப்படுத்த முடியாத நோய்' உள்ள, ஆதரவற்ற குழந்தையும் இருக்கு. ஆனால் குணப்படுத்த முடிகிற நோய் வந்து, பஸ் காசு இல்லாமல் சிகிச்சையை நிறுத்திய பிள்ளையை பற்றி தனியாக ஒரு வரி இல்லை. பிள்ளையை வேண்டுமென்றே புறக்கணித்தால் 3 ஆண்டு வரை ஜெயில் என்று 75-வது பிரிவு சொல்கிறது. ஏழை அப்பன் மேல் அதை தூக்கி போட்டு என்ன சாதிக்க போகிறோம்? அப்பன் ஜெயிலுக்கு போனால் பிள்ளையை மதுரைக்கு கூட்டிப்போவது யார்?

காசநோயை பாருங்கள். மாத்திரையை நிறுத்தினால் சுகாதார ஊழியர் வீடு தேடி வருகிறார். கம்ப்யூட்டரில் பெயர் இருக்கு. சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் கொடுக்க 2018-ல் தொடங்கி, 2024 நவம்பரில் ஆயிரமாக உயர்த்தினார்கள். பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலில் கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் வந்தது. வழி தெரியாத அரசு இல்லை இது. அதே வழியை புற்றுநோய் பிள்ளைக்கும் போட வேண்டியதுதானே?

செய்ய வேண்டியது இவ்வளவுதான்...

அரசு கதிர்வீச்சு பிரிவில் ஒரு பிள்ளை தொடர்ந்து 2 நாள் வரவில்லை என்றால், அன்றைக்கே அந்த மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு போன் போக வேண்டும். அங்கிருந்து கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு போக வேண்டும். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும், மிரட்ட கூடாது. காசு இல்லை என்றால் காசு, தங்க இடம் இல்லை என்றால் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே தாய்க்கும் பிள்ளைக்கும் இடம். ஆறு வாரத்துக்கு கூலி இழப்புக்கு ஒரு தொகை. கோடி கோடியாக எந்திரம் வாங்கிய அரசுக்கு இது பெரிய செலவு இல்லை.

ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மதுரையில் கரண்ட் வைக்கும் பிள்ளைக்கு நடுநடுவே ரத்த பரிசோதனை, காய்ச்சலுக்கு ஊசி, மருந்து எல்லாம் அங்கேயே கிடைத்தால் அலைச்சல் பாதியாக குறையும்.

அதுவரை பெற்றோர் செய்ய வேண்டியது என்ன? பிள்ளையின் கண்ணுக்குள் பூனைக்கண் மாதிரி வெள்ளை மினுக்கம், காலையில் தலைவலியோடு வாந்தி, ஆறாத வீக்கம் தெரிந்தால் மந்திரம், தாயத்து என்று நாளை கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு போங்கள். கரண்ட் வைக்க போகிற இடத்தில் உரிமம் இருக்கா என்று தைரியமாக கேளுங்கள். ரெயிலில் புற்றுநோயாளிக்கும் கூட போகிறவருக்கும் கட்டண சலுகை உண்டு, அதற்கான சான்றிதழை டாக்டரிடம் வாங்குங்கள். போக முடியாத நிலை வந்தால் சும்மா வீட்டில் உட்கார்ந்து விடாமல் சிகிச்சை தரும் டாக்டரிடம் சொல்லுங்கள். மருத்துவ உதவிக்கு 104, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. இரண்டுக்கும் காசு இல்லை.

எந்திரத்தை கண்காணிக்க மும்பையில் ஒரு வாரியம் இருக்கு. பாதியில் நின்ற பிள்ளையை தேட நம்ம ஊரில் ஒரு செவிலியரும் ஒரு போனும் போதும். அதற்கு உத்தரவு போடப்போவது யார், எப்போது?