சுவருக்குள் ஒழுகும் நீர்

வினா: "வீட்டிலுள்ள நீர்க்கசிவைக் கண்டுபிடிப்பது பெரியவர்களின் வேலை; மாணவர் அதில் கவனம் செலுத்த வேண்டியதில்லை." இக்கூற்றுப் பற்றிய உமது கருத்தைக் காரணங்காட்டி எழுதுக.

மேற்படி கூற்றை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. கண்ணுக்குத் தெரியும் கசிவை எவரும் நிறுத்துவர். குழாய் ஒழுகினால் அம்மா திருகி மூடுவார். தாங்கி நிரம்பி வழிந்தால் அயலவர் கூப்பிட்டுச் சொல்வார். ஆனால் சுவருக்குள்ளும் நிலத்தின் கீழும் மலசலகூடத் தொட்டியிலும் நடைபெறும் கசிவு சத்தமின்றி நடைபெறுவது. அதைக் காண்பதற்குக் கண் மட்டும் போதாது. அளக்கவும் கணக்கிடவும் தெரிய வேண்டும். இவை இரண்டையும் நாள்தோறும் பாடசாலையில் பயில்பவர் மாணவரே.

எங்கள் வீட்டில் நடந்ததை இங்கு குறிப்பிடுவது பொருத்தமாகும். மாதந்தோறும் 15 அலகு அளவில் இருந்த எமது நீர்ப்பாவனை ஒரு மாதம் 24 அலகாக உயர்ந்தது. பட்டியலைக் கண்ட அப்பா முதலில் தம்பியைத்தான் பார்த்தார். "நீ குளிக்கிற குளிப்புக்குக் குளமும் காணாது" என்று ஏசினார். அப்பம்மாவும் "தண்ணியைக் காசு மாதிரி எண்ணிச் செலவழிக்க வேணும் ராசா" என்றார். தம்பி அழுதுகொண்டே அரை வாளித் தண்ணீரில் குளிக்கத் தொடங்கினான். அடுத்த மாதமும் பட்டியல் 24 அலகையே காட்டியது.

அப்போதுதான் நான் கணக்குப் பார்த்தேன். ஓர் அலகு என்பது ஒரு கன மீற்றர். அதாவது 1000 லீற்றர். மேலதிகமாகச் சென்றது 9 அலகு, அதாவது 9000 லீற்றர். 30 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 300 லீற்றர். ஒரு வாளி 15 லீற்றர் கொள்ளுமெனின் அது 20 வாளி நீராகும். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வழமைக்கு மேலாக நாள்தோறும் 20 வாளி வார்த்துக் குளிப்பானா? இக்கேள்வியை அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் கூறவில்லை. ஆனால் என்னுடன் சேர்ந்து தேடத் தொடங்கினார்.

மலசலகூடத்தின் கழுவுநீர்த் தொட்டியினுள் நன்கு சாயம் இறங்கிய பிளேன்ரீயை ஊற்றி, அரை மணி நேரம் எவரும் அதனைப் பாவிக்காது விட்டோம். பின்னர் பார்த்தபோது பீங்கானில் தேநீரின் நிறம் இறங்கியிருந்தது. தொட்டியின் அடியிலிருந்த றப்பர் மூடி தேய்ந்து, நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு கோப்பை நீர் ஓசையின்றி ஓடிக்கொண்டிருந்தது. அந்த றப்பரை மாற்றிய பின்னர் பட்டியல் பழைய நிலைக்கு வந்தது. தம்பியிடம் அப்பா மன்னிப்புக் கேட்டார். மறைந்த கசிவு நீரையும் பணத்தையும் மட்டும் இழக்கச் செய்வதில்லை. குற்றம் செய்யாதவர் மீது பழியையும் சுமத்துகின்றது என்பதை அன்று உணர்ந்தேன்.

"சிறுதுளி பெருவெள்ளம்" என்பதைச் சேமிப்புக்கே நாம் உதாரணமாகக் கூறுகின்றோம். அது இழப்புக்கும் பொருந்தும். ஏறத்தாழ 20 துளிகள் சேர்ந்தால் ஒரு மில்லிலீற்றர். வினாடிக்கு ஒரு துளி வீதம் விழுந்தால் ஒரு நாளில் 86,400 துளிகள். அதாவது நான்கு லீற்றருக்கும் அதிகம். நூல் போன்று ஒழுகி ஐந்து நிமிடத்தில் ஒரு லீற்றர்ப் போத்தலை நிரப்பும் கசிவாயின் நாளொன்றுக்கு 288 லீற்றர் வீணாகும். மேலும், பாவனை கூடக்கூட ஓர் அலகுக்கான கட்டணமும் படிப்படியாக உயர்வதால், வீணாகும் நீருக்கே நாம் கூடிய விலை கொடுக்கின்றோம்.

கசிவு உண்டா இல்லையா என்பதை அறிய நீர்மானியே சிறந்த சான்று. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மானியிலுள்ள கறுப்பு இலக்கங்களையும் சிவப்பு இலக்கங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் எவரும் நீரைத் தொடுவதற்கு முன்னர் மீண்டும் வாசிக்க வேண்டும். இலக்கம் மாறியிருந்தால் எங்கோ கசிவு உண்டு. மேல்நிலைத் தாங்கி உள்ள வீடுகளில், தாங்கி நிரம்பிய பின்னர் அதிலிருந்து வீட்டுக்குச் செல்லும் வால்வையும் மூடிவிடுதல் அவசியம். அப்போதும் மானி ஓடினால் மானிக்கும் தாங்கிக்கும் இடைப்பட்ட குழாயிலோ தாங்கியின் மிதவை வால்விலோ பழுது இருக்கலாம். மானி ஓடாவிடின் அந்த வால்வைத் திறந்து வீட்டினுள்ளே தேட வேண்டும்.

கிணற்று நீரைப் பாவிக்கும் வீடுகளில் மானி இராது. அங்கே தாங்கியின் நீர்மட்டத்தை இரவில் அடையாளமிட்டுக் காலையில் பார்க்கலாம். ஒரு மீற்றர் விட்டமுள்ள உருளை வடிவத் தாங்கியில் மட்டம் 4 சென்ரிமீற்றர் இறங்கினால், இழந்த நீர் ஏறத்தாழ 31 லீற்றர். உருளையின் கனவளவைப் பரீட்சைக்காக மட்டும் படிப்பவர் இதனைக் கண்டுபிடிக்க மாட்டார்.

சுவரும் நிலமும்கூடச் சாட்சி சொல்லும். வர்ணப்பூச்சுக் கொப்பளித்தல், சுவரில் உவர் பூத்தல், மூலையில் பூஞ்சண மணம் வீசுதல் என்பன கவனிக்கத்தக்கவை. மழைக்காலத்தில் மட்டும் தோன்றும் ஈரம் கூரையிலிருந்து வரலாம். ஆனால் வெயில் எரிக்கும் ஆடி மாதத்திலும் காயாத ஈரம் பெரும்பாலும் குழாயிலிருந்தே வருகின்றது. முற்றத்துப் புல் எல்லாம் கருகியிருக்க, ஒரு கோட்டில் மட்டும் பச்சையாக நின்றால் அக்கோட்டின் கீழே குழாய் செல்கின்றதா எனப் பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்த பின்னர் அவசரப்படலாகாது. முதலில் மானிக்கு அருகிலுள்ள வால்வை மூடுதல் வேண்டும். ஈரமான சுவரில் மின் ஆளியோ செருகியோ இருந்தால் அதனைத் தொடாது, பெரியவர் ஒருவரைக் கொண்டு பிரதான ஆளியை நிறுத்துவிக்க வேண்டும். வாசர் மாற்றுதல் போன்றவற்றைப் பெரியவரின் உதவியுடன் நாமே செய்யலாம். சுவருக்குள் உள்ள வெடிப்புக்குக் குழாய் பொருத்துநர் தேவை. வெடித்த குழாயின் மேல் றப்பர்ப் பட்டி சுற்றுவதும் சீமெந்து பூசுவதும் நிலையான தீர்வாகா. வீதியில் கசிவு கண்டால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு 1939 என்னும் இலக்கத்தில் அறிவிக்கலாம்.

"கசியும் நீர் நிலத்துக்குத்தானே போகின்றது, மீண்டும் கிணற்றுக்கு வராதா?" எனச் சிலர் வாதிடுவர். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அந்நீரை மேலே ஏற்றச் செலவான மின்சாரம் திரும்பி வராது. மலசலகூடத் தொட்டியில் கசியும் நீர் மலக்குழிக்கே செல்கின்றது. அது தூய நீராகத் திரும்புவதில்லை. அத்திவாரத்தை நனைக்கும் நீர் வீட்டையே பலவீனப்படுத்துகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத நதி இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறைகளிடையே தங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீராக நிற்கின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலெழும். கடல்நீரையே நன்னீராக்க வேண்டிய தேவை ஏற்பட்டு, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுடைய நிலையம் 2024 ஆம் ஆண்டு தாளையடியில் திறந்துவைக்கப்பட்டது. இவ்வளவு பாடுபட்டுப் பெறும் நீரை ஒரு தேய்ந்த றப்பர் துண்டுக்காக இழப்பது நியாயமன்று.

ஆகவே, நீரைச் சேமிப்போம் எனச் சுவரொட்டி எழுதுவதுடன் மாணவரின் கடமை முடிந்துவிடாது. மாதத்தில் ஓர் இரவு மானியை வாசித்து ஒரு கொப்பியில் குறித்து வைப்பது அதைவிடப் பயனுள்ளது. வீட்டில் எவரையேனும் குறை கூறுவதற்கு முன்னர் அளந்து பார்ப்போம் என்பதே எனது கருத்தாகும்.

மாணவர் கவனத்திற்கு: கருத்தை முன்வைக்கும் கட்டுரையில் முதற் பந்தியிலேயே நிலைப்பாட்டைத் தெளிவாகக் கூறுக. எதிர்க்கருத்து ஒன்றையேனும் எடுத்து, அதிலுள்ள உண்மையை ஒப்புக்கொண்ட பின்னரே மறுத்துரைக்குக. இயன்றவிடத்துக் கணக்கைச் சான்றாகக் காட்டுக.