மஞ்சள் சிவந்தால் யார் குற்றம்?

சென்ற மாதம் ஒருநாள் மாலை அடுத்த வீட்டு மாமி படபடவென்று உள்ளே வந்தார்.

"பார்த்தாயா அக்கிரமத்தை! பத்து வருஷமாய் வாங்குகிற கடை. மஞ்சள் பொடியில் சாயத்தைக் கலந்து விற்கிறான்! பேரன் காலேஜ் லாபரட்டரியில் ஒரு சிட்டிகை எடுத்துப் போய், அடர்த்தியான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நாலு சொட்டு விட்டானாம். உடனே சிவந்துவிட்டதாம். இன்றைக்கே போய் நாலு பேர் எதிரில் கேட்கப் போகிறேன்!"

"கொஞ்சம் பொறுங்கள், மாமி. சிவந்ததில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தானா?" என்றேன்.

"தண்ணீரா? அது எதற்கு?"

அது எதற்கு என்பதுதான் இந்த வாரத்து விஷயம், சகோதரிகளே!

மஞ்சளுக்கு நிறம் மாறும் சுபாவம் உண்டு. இது நமக்குத் தெரியாததல்ல. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் செக்கச் செவேலென்று ஆகிறதல்லவா? புடவையில் பட்ட சாம்பார்க் கறையைச் சோப்புப் போட்டால் சிவக்கிறது. வெயிலில் உலர்த்தினால் மங்குகிறது. இத்தனைக்கும் காரணம் மஞ்சளிலுள்ள 'குர்குமின்' என்ற பொருள். சுண்ணாம்பிலும் சோப்பிலும் உள்ள காரத்திற்குச் சிவக்கும் அது, மிகக் கடுமையான அமிலத்திற்கும் சிவக்கும்.

கலப்படக்காரர்கள் சேர்க்கும் 'மெட்டானில் மஞ்சள்' வேறு ஜாதி. காகிதத்திற்கும் தோலுக்கும் ஏற்றும் சாயம் அது; உணவில் சேர்க்க அனுமதி கிடையாது. அதுவும் அமிலம் பட்டால் சிவக்கும். ஆக, சிவந்த மாத்திரத்தில் குற்றவாளி யார் என்று சொல்ல முடியாது. அப்புறம் தண்ணீர் விட வேண்டும். நல்ல மஞ்சளாயிருந்தால் அந்தச் சிவப்பு மறைந்துவிடும். சாயமாயிருந்தால் மறையாமல் நிற்கும். இரண்டாவது படியை விட்டுவிட்டால் நாணயமான கடைக்காரர்கூடத் திருடராகிவிடுவார்!

ரசாயனப் பரீட்சைகளின் இயல்பே இதுதான். ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நெல்லிக்காயை இரும்புக் கத்தியால் நறுக்கினால் கறுக்கிறதே, அதுவும் ஒரு பரீட்சைதான். 'ஃபெனால்' என்ற வகையைச் சேர்ந்த பொருள்கள் இரும்போடு சேர்ந்து நிறம் காட்டும் என்பது அதன் தத்துவம். ஆனால் அது வகையைச் சொல்லுமே தவிரப் பெயரைச் சொல்லாது. வந்தவர் உறவுக்காரர் என்று தெரிகிறது. சித்தப்பாவா மாமாவா என்று தெரியவில்லை, அந்த மாதிரி!

பெயரைக் கண்டுபிடிப்பது முன்காலத்தில் லேசான காரியமாக இல்லை. மஞ்சளிலிருந்து குர்குமினை 1815-ல் வோகலும் பெல்லெட்டியேரும் பிரித்தெடுத்தார்கள். அதனுள் அணுக்கள் எப்படிக் கோத்திருக்கின்றன என்பது 1910-ல்தான் வெளியாயிற்று. நடுவில் தொண்ணூற்றைந்து வருஷங்கள்!

இன்று கருவிகள் வந்திருக்கின்றன. அணுக்களைப் பிணைக்கும் பந்தங்கள் வீணைத் தந்திகளைப் போல அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பந்தத்திற்கும் ஒரு சுருதி. அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், எந்தெந்தச் சுருதி ஒளியை அந்தப் பொருள் விழுங்குகிறது என்று கருவி கோடு போட்டுக் காட்டிவிடும். நம் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறலும் இதே வேலைக்குப் பயன்படுகிறது. சிதறி வரும் ஒளியில் ஏற்படும் சிறு மாற்றங்கள் பந்தங்களின் சுருதியைச் சொல்கின்றன.

குர்குமினில் கார்பன் 21, ஹைட்ரஜன் 20, ஆக்ஸிஜன் 6, வேறொன்றும் இல்லை. மெட்டானில் மஞ்சளிலோ நைட்ரஜனும் கந்தகமும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சளாயிருக்கலாம், சுருதி ஒன்றாகாது. தூளில் சாயம் மிகக் கொஞ்சமாயிருந்தால் மஞ்சளின் சுருதியில் அது அமுங்கிப் போகக்கூடும். அப்போது நிறங்களைத் தனித்தனியே பிரித்துவிட்டுப் பரீட்சிப்பார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். அமிலப் பரீட்சையில் தேறிவிட்டால் பொடி பரிசுத்தம் என்று அர்த்தமில்லை. பங்களாதேஷில் மஞ்சளுக்குப் பளபளப்பேற்றக் காரீயக் குரோமேட் சேர்த்ததை 2019-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. அது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம். அதைப் பிடிக்க இந்த அமிலம் உதவாது. வேறு பரீட்சை வேண்டும்.

ஆகையால் வீட்டில் ஆசிட் புட்டியைத் திறக்காதீர்கள். கையும் கண்ணும் போய்விடும். சந்தேகமிருந்தால் முறையான வழி இருக்கிறது. 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைக் கொடுத்து அறிக்கை பெற வாங்குபவருக்கு உரிமை உண்டு. ஆனால் பரீட்சைக்காக வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குற்றம் நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

மறுநாள் பேரன் மீண்டும் பரீட்சித்தான். இந்தத் தடவை ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தண்ணீரும் சேர்த்தான். சிவப்பு மறைந்துவிட்டது.

மாமி சாயங்காலமே அந்தக் கடைக்குப் போனார். சண்டை போட அல்ல. கால் கிலோ விரலி மஞ்சள் வாங்க. "நல்ல வேளை, நேற்று வாயைத் திறக்கவில்லை" என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.