ஈஸ்டர் விருந்தில் யார் அமர்வது?

தவக்காலத்தின் இறுதி வாரங்களில் இந்தியப் பெருநகரங்களின் நாளிதழ் இணைப்புகளும் சமூக ஊடகப் பக்கங்களும் ஒரே அறிவுரையைச் சற்றே மாற்றி மாற்றி வழங்குகின்றன. மேசை விரிப்பு வெளிர்மஞ்சளாக இருக்கட்டும். நடுவே வெள்ளை மலர்களும் வண்ணம் தீட்டிய முட்டைகளும் நிறைந்த கூடை. ஒவ்வொரு தட்டின் அருகிலும் விருந்தினர் பெயர் எழுதிய சிறு அட்டை. குழந்தைகளுக்கு முட்டை தேடும் விளையாட்டு. முடிவில் இவ்வாண்டு குடும்பத்துக்கென ஒரு புதிய மரபைத் தொடங்குமாறு ஓர் அழைப்பும் இருக்கும். தில்லி, குருகிராம், பெங்களூரு, புனே போன்ற நகரங்களின் அடுக்ககங்களில் குடியேறிய கிறித்தவக் குடும்பங்கள் பலவும், அவர்களுடைய பிற சமய நண்பர்கள் சிலரும் இவ்வழைப்பை ஏற்றுக்கொண்டுள்ளனர்.

இதைக் கண்டதும் எழும் முதல் கண்டனம் எளியது: இது மேற்கின் நகல், கடைக்காரர்கள் உருவாக்கிய விழா, ஊரில் இருந்த பழைய மரபு இங்கே தொலைந்துவிட்டது. இக்கண்டனம் வரலாற்றின் முன் நிற்காது. ஈஸ்டர் முட்டையை எடுத்துக்கொண்டால், இடைக்கால ஐரோப்பியத் திருச்சபை தவக்காலத்தில் முட்டையை விலக்கியது. கோழிகள் அதற்காக முட்டையிடுவதை நிறுத்தவில்லை. நாற்பது நாட்களாகச் சேர்ந்த முட்டைகளே உயிர்ப்பு ஞாயிறன்று மேசைக்கு வந்தன. முட்டை கொண்டுவரும் ஈஸ்டர் முயல் 1682ஆம் ஆண்டின் ஜெர்மானிய நூலொன்றில் குறிக்கப்படுகிறது. சாக்லேட் முட்டையை பிரிஸ்டலின் ஃப்ரை நிறுவனம் 1873இலும் கேட்பரி நிறுவனம் 1875இலும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. இன்று 'தொன்மையானவை' எனத் தோன்றும் ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் புத்தம் புதியதே. எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்து வெளியிட்ட 'மரபின் கண்டுபிடிப்பு' பற்றிய நூலைப் படித்த எவருக்கும் இது வியப்பளிக்காது.

கேரளச் சுரியானி கிறித்தவர் வீடுகளில் ஈஸ்டர் காலையில் பாலப்பத்துடன் பரிமாறப்படும் குழம்பின் பெயரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. மலையாளத்தில் அது 'இஷ்டு'. 'ஸ்டூ' என்னும் ஆங்கிலச் சொல் மலையாளிகளின் நாவில் புரண்டு பெற்ற வடிவம் அது. அதில் வேகும் உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவில் பிறந்து ஐரோப்பியக் கப்பல்களில் வந்தது. தேங்காய்ப்பாலும் கறிவேப்பிலையும் மண்ணுக்குரியவை. இந்தக் கலப்பை இன்று எவரும் நகல் என்று சொல்வதில்லை. எனவே புதுமை குற்றமன்று. கடன் வாங்குதலும் குற்றமன்று.

அவ்வாறெனில் ஒரு புதிய வழக்கம் எப்போது மரபாகிறது? 'மரபு' என்னும் தமிழ்ச்சொல்லே இங்கு உதவுகிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல் மரபியல். அவ்வியல் எவ்விலங்கின் இளமையை எப்பெயரால் வழங்குவது என்பதிலிருந்து தொடங்குகிறது. கன்று, குட்டி, பறழ் என்று பேசுவோர் எப்படி வழங்குகிறார்களோ அதுவே அங்கு மரபு. அதை ஒருவர் அறிவித்துத் தொடங்கிவைக்க இயலாது. ஒரு சொல்லை எவரும் ஆக்கலாம். மற்றவர்கள் அதைச் சொல்லாமல் இருக்க முடியாத நிலை வரும்போதுதான் அது மொழியின் உடைமையாகிறது. விழாவுக்கும் இது பொருந்தும். அழகான மேசையை அடுத்த ஆண்டு வேறொரு அழகான மேசை வென்றுவிடும். விடமுடியாத கடமை ஒன்றை உண்டாக்கும் வழக்கமே நிலைக்கும்.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, பெரிய வியாழன் இரவில் கேரளச் சுரியானி கிறித்தவ இல்லங்களில் பகிரப்படும் பெசஹா அப்பம். 'பெசஹா' சுரியானி வழி வந்த சொல். தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் 'பாஸ்கா' இலத்தீன், போர்த்துகீசிய மொழிகளின் வழி வந்த அதன் உடன்பிறப்பு. இரண்டுக்கும் வேர், யூதரின் விடுதலைப் பெருவிழாவைக் குறிக்கும் எபிரேயச் சொல். அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவிடாமல் வேகவைத்த அப்பத்தின் மேல், குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் பெற்ற ஓலையால் ஆன சிலுவை வைக்கப்படுகிறது. மன்றாட்டுக்குப் பின் குடும்பத்தின் மூத்தவர் அதைத் துண்டாக்கி வயது வரிசையில் வழங்குகிறார். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய பெசஹா பாலில் தோய்த்து அதை உண்கின்றனர்.

இவ்வழக்கத்தில் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. அவ்வாண்டில் இறப்பு நிகழ்ந்த வீட்டில் இந்த அப்பம் சுடப்படுவதில்லை. அவ்வீட்டுக்கு உறவினரும் அண்டை வீட்டாரும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். துயரத்தில் இருப்பவர்களை அடுப்படியில் நிறுத்தாத விதி இது. அவர்கள் விழாவிலிருந்து விடுபட்டுவிடாமலும் இது காக்கிறது. பிறர்மேல் ஒரு கடமையை ஏற்றுவதால்தான் இவ்வழக்கம் பல தலைமுறைகளைக் கடந்து நிற்கிறது. வெளிர்மஞ்சள் விரிப்பு எவர்மீதும் எக்கடமையையும் ஏற்றுவதில்லை.

பழைய மரபைப் போற்றுவதோடு நின்றுவிடுவதும் நேர்மையாகாது. அப்பத்தைப் பகிரும் கை பெரும்பாலும் குடும்பத் தலைவருடையது. மாவரைத்து, தேங்காய் துருவி, பால் பிழிந்து, பாத்திரம் கழுவிய கைகள் பெண்களுடையவை. ஐம்பது நாள் நோன்பை இருபாலாரும் நோற்கின்றனர். அது முடியும் விடியலில் நள்ளிரவுக்குப் பிந்தைய வழிபாட்டிலிருந்து திரும்பியதும் இறைச்சியும் அப்பமும் மேசைக்கு வர வேண்டுமெனில் ஒரு சாரார் உறங்காதிருக்க வேண்டும். புதிய மரபு தேவை என்னும் அழைப்புக்கு நியாயம் இருக்குமானால் அது இவ்விடத்தில்தான் இருக்கிறது.

பெருநகர அடுக்ககத்தில் இந்த உழைப்பு மறைந்துவிடவில்லை, கைமாறியிருக்கிறது. தில்லியின் வீடுகளில் சமைப்பவர்களிலும் துப்புரவு செய்பவர்களிலும் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்த ஆதிவாசிப் பெண்கள் பலர். அவர்களுள் உராவ், முண்டா, கடியா சமூகங்களைச் சேர்ந்த கிறித்தவர்கள் கணிசமானோர். 1845இல் ராஞ்சிக்கு வந்த கோஸ்னர் மிஷனரிகளின் காலந்தொட்டு சோட்டாநாக்பூரில் வேரூன்றிய கிறித்தவம் அது. அங்கே ஈஸ்டர் விடியுமுன்பே குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்தில் கூடுகின்றன. சுத்தம் செய்து பூவிட்ட கல்லறைகளின் மேல் மெழுகுவர்த்திகள் எரிய, இறந்தோரின் அருகில் நின்று உயிர்ப்பைப் பாடுகின்றன. அந்த விடியலோடு வளர்ந்த பெண், தில்லியில் அதே நேரத்தில் இன்னொருவர் வீட்டு ஈஸ்டர் விருந்துக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கலாம். பெரிய வெள்ளி அரசு விடுமுறை. ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையிலேயே வருவதால் அதற்குத் தனி விடுமுறை தேவைப்படுவதில்லை. ஆனால் வீட்டுப் பணியாளருக்கு ஞாயிறே விருந்தினர் மிகும் நாள். வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வைப் பரிந்துரைக்கும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வீட்டுப் பணியாளர் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

விழா உணவின் மேல் தொழிலாளர் சட்டத்தை ஏற்றுவது முறையா என்று கேட்கலாம். அன்று வரும் பணியாளருக்குக் கூடுதல் ஊதியமும் புடவையும் இனிப்பும் கொடுக்கிறோமே என்றும் சொல்லலாம். கூடுதல் ஊதியம் வேண்டியதுதான். விடுப்புக்கு ஊதியம் பிடித்தம் செய்யப்படுமானால் பலர் விடுப்பையே விரும்பமாட்டார்கள் என்பதும் உண்மை. எனவேதான் ஊதியத்துடன் கூடிய விடுப்பு என்பது வழக்கமாக வேண்டும். இனிப்புப் பொட்டலம் கொடுப்பவரின் மனநிறைவுக்குரியது. பெறுபவருக்கு அந்த விடியலை அது திருப்பித் தருவதில்லை.

இது இயலாத காரியமும் அன்று. கோவாவின் சொர்ப்போத்தெல் ஓரிரு நாட்களுக்கு முன்பே சமைக்கப்பட்டு, நாள்பட நாள்படச் சுவையேறும் உணவு. பாலப்ப மாவு முந்தைய இரவே கரைக்கப்பட்டுப் புளிக்க விடப்படுகிறது. சனிக்கிழமை வீட்டிலுள்ள அனைவரும், குறிப்பாக ஆண்டு முழுவதும் அடுப்படிக்கு விருந்தினராக மட்டும் வருபவர்கள், சமையலில் இறங்கலாம். ஞாயிறன்று விருந்தினர் ஆளுக்கொரு உணவு கொண்டுவரலாம். உண்டவர்களே பாத்திரம் கழுவலாம். அவ்வாண்டு துயரம் நேர்ந்த நண்பர் வீட்டுக்கு ஒரு பங்கு முதலில் போகலாம். பெயர் அட்டை வைக்கும் வழக்கம் பிடித்திருந்தால் அதையும் வைக்கலாம். விரிப்பின் நிறம் எதுவாகவும் இருக்கட்டும். ஊதியம் குறைந்த ஆண்டிலும் விருந்தினர் குறைந்த ஆண்டிலும் இவற்றைச் செய்ய முடியும். பணம் தீர்ந்ததும் நின்றுவிடாத வழக்கத்துக்கே மரபாகும் தகுதி உண்டு.

இவ்விழாவின் மூலக்கதையும் இதற்கு மாறாக இல்லை. யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில், உயிர்த்த இயேசு திபேரியாக் கடற்கரையில் கரியடுப்பு மூட்டி, மீன் சுட்டு, அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார். இரவு முழுவதும் வலை வீசிக் களைத்தவர்களைக் காலை உணவுக்கு அழைக்கிறார். அவர்கள் பிடித்த மீனிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார். அந்த விருந்தில் மேசையே இல்லை. அடுப்பு மூட்டியவர் விருந்தளித்தவரே. அமர்ந்து உண்டவர்கள் இரவெல்லாம் உழைத்தவர்கள்.