கரி ஆலையை மூடினால் மட்டும் போதுமா? கோமாட்டி சொல்லும் பாடம்

தென்னாப்பிரிக்காவின் உம்புமலாங்கா மாகாணத்தில் இருக்கிறது கோமாட்டி அனல் மின் நிலையம். 1961-ல் மின் உற்பத்தியைத் தொடங்கிய இந்த நிலையத்தின் கடைசி யூனிட் 2022 அக்டோபர் 31-ல் நிறுத்தப்பட்டது.

அடுத்து என்ன?

அதே இடத்தில் 150 மெகாவாட் சோலார், 70 மெகாவாட் காற்றாலை, 150 மெகாவாட் பேட்டரி. இதற்கு உலக வங்கி ஒப்புதல் தந்த தொகை 49.7 கோடி டாலர்.

ஏன் அதே இடம்?

நிலமும் உயர் அழுத்த மின்பாதையும் ஏற்கெனவே ரெடி. கரிக்குப் பதில் வெயில் மின்சாரம் அதே கம்பியில் போகும்.

சிக்கல் எங்கே?

ஆட்களிடம். அரசு மின் நிறுவனமான எஸ்கோம், தன் நிரந்தர ஊழியர்களில் பலரை வேறு நிலையங்களுக்கு மாற்றியது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கோ வேலையே போச்சு. அவர்களுடைய சம்பளத்தை நம்பியிருந்த ஊர்க் கடைகளுக்கும் அடி. சோலார் பேனல்களை ஒருமுறை பொருத்திவிட்டால், பராமரிக்கச் சிலர் போதும். பாய்லரையும் கரியையும் கையாண்ட அத்தனை பேருக்கும் அங்கே இடமில்லை.

வயதான ஆலையை மூடுவது சரிதான். ஆனால், மாற்று வேலைக்கான பயிற்சி பாய்லர் அணைவதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

இது நமக்கும் தூரத்துக் கதை இல்லை. 1962-ல் தொடங்கிய நெய்வேலி முதல் அனல் மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றது. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் 1979-ல் வந்தது. இனி எந்த ஆலையை மூடத் தேதி குறித்தாலும், அங்குள்ள ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அடுத்த வேலை என்ன என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடணும்.